இற்செறிப்பும் லட்சுமணக் கோடும்

1

ஏப்ரல் 2020-இல் நானும் ஒரு பட்டியல் போட்டேன். வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் நண்பர்கள் பார்க்க வேண்டிய இருபது படங்கள். அந்த மாதம் எல்லோரும் பட்டியல் போட்டார்கள். நாளிதழ்கள் போட்டன. தொலைக்காட்சிகள் போட்டன. கூட்டம் நடத்த முடியாத இலக்கியவாதிகளும் போட்டார்கள். என் பட்டியலில் ஈரான் இருந்தது, ஜப்பான் இருந்தது, ராய் இருந்தார். படத்துக்கு ஒரு வரி குறிப்பும் எழுதியிருந்தேன். அனுப்பிவிட்டு, சமூகக் கடமை ஒன்றை முடித்துவிட்ட திருப்தியில் இருந்தேன். இரண்டு குழந்தைகள், படுக்கையில் மாமியார், வேலை போன கணவன் என்று இருந்த தோழி ஒருத்தியிடமிருந்து மட்டும் பதில் வந்தது: 'பாத்திரம் கழுவி முடிச்சா பாக்குறேன்.'

கேலி என்றுதான் எடுத்துக்கொண்டேன். என் பட்டியலைப் பற்றி எழுதப்பட்ட ஒரே விமர்சனம் அதுதான் என்று புரிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

பட்டியலும் ஒரு பிரதிதான். எந்தப் பிரதியும் தனக்கான வாசகரைத் தானே கற்பித்துக்கொள்கிறது. 'வீட்டில் இருக்கும்போது பார்க்க வேண்டியவை' என்ற வாக்கியம் கற்பித்துக்கொள்ளும் ஆள் யார்? அவருக்கு ஒரு அறை இருக்கிறது. அறைக்குக் கதவு இருக்கிறது. மாதம் பிறந்தால் சம்பளம் கணக்கில் ஏறிவிடுகிறது. சோறு யாரோ ஆக்குகிறார்கள், தட்டை யாரோ கழுவுகிறார்கள், குப்பையை யாரோ வந்து எடுத்துப் போகிறார்கள். அவருக்கு இருக்கும் ஒரே பிரச்சினை, பொழுது போகவில்லை. இந்த ஆள் ஆண் என்றோ, இன்ன சாதி என்றோ பட்டியல் எங்கும் சொல்லாது. சொல்லத் தேவையும் இல்லை.

வீட்டுக்குள் அடைபடுவதற்குத் தமிழில் இரண்டாயிரம் வருஷப் பழைய கவிதை மரபே உண்டு. அகப்பாடல்களின் துறைக்குறிப்புகளில் வரும் இற்செறிப்பு. களவு வெளிப்பட்டுவிடுமோ என்ற அச்சத்தில் தாய் மகளை வீட்டுக்குள் நிறுத்திவிடுகிறாள். தினைப்புனக் காவலும் அதோடு முடிகிறது. எம்.ஏ. வகுப்பில் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன் நான். செறிக்கப்படுவது எப்போதும் பெண் என்பதையும், தலைவன் மலையிலும் வழியிலும் திரிந்துகொண்டிருக்கிறான் என்பதையும் அப்போது யாரும் ஒரு கேள்வியாக வைக்கவில்லை. 2020-இல் நடந்தது என்னவென்றால், இற்செறிப்பு முதல்முறையாக ஆண்களுக்கும் வந்தது. ஆண்களுக்கு வந்ததும் அது செய்தியாயிற்று, கட்டுரையாயிற்று, படப் பட்டியலாயிற்று. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு அதில் புதிதாக என்ன இருக்கிறது? வீட்டிலிருந்த ஆட்கள் கூடினார்கள், பாத்திரம் கூடியது. அவ்வளவுதான்.

அரசாங்கம் இதற்கு வைத்த தமிழ்ப் பெயர் ஊரடங்கு. ஊர், சேரி என்று இரண்டாகக் கிடக்கும் நிலத்தில் இந்தச் சொல்லைச் சும்மா கடந்து போக முடியாது. ஊர் அடங்கியது. சேரி விடிகாலையில் எழுந்து, ஊரின் குப்பையை அள்ள வந்தது.

2

மார்ச் 24, 2020 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி 21 நாள் முடக்கத்தை அறிவித்தார். நள்ளிரவே அமலாயிற்று. அந்தப் பேச்சில் ஒரு உருவகம் வந்தது. உங்கள் வீட்டு வாசலில் ஒரு லட்சுமணக் கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது, அதைத் தாண்டாதீர்கள் என்றார். நான்கு நாள் கழித்து, மார்ச் 28 முதல், தூர்தர்ஷன் ராமானந்த சாகரின் 'ராமாயண்' தொடரை மறுபடி ஒளிபரப்பத் தொடங்கியது. அப்போதைய தகவல் ஒளிபரப்பு அமைச்சர் பிரகாஷ் ஜவடேகர், தான் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்க்கும் படத்தை வெளியிட்டார். கண்டனம் வந்ததும் எடுத்துவிட்டார். அதே 28-ஆம் தேதிதான் தில்லி ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்தில் ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் மூட்டையும் பிள்ளையுமாக ஊருக்குப் போக வழியில்லாமல் நின்றார்கள். கோடு கிழிக்க அவர்களுக்கு அந்த நகரத்தில் வாசல் இல்லை.

கோட்டின் கதையைக் கொஞ்சம் பார்க்கலாம். வால்மீகியில் லட்சுமணன் கோடு கிழிப்பதில்லை. கம்பனிலும் இல்லை. பின்னால் வந்த மரபுகளில் சேர்ந்து, நாடகம், காலண்டர், சினிமா என்று வளர்ந்து, 1987 ஜனவரியில் தொடங்கிய சாகர் தொடரில் அம்பு முனையால் கிழிக்கப்பட்டு, கால் வைத்தால் தீ எழும் காட்சியாக ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடிய கோடிக்கணக்கான கண்களில் பதிந்த கோடு அது. அதாவது 2020-இல் அரசு தன் ஆணைக்கு எடுத்துக்கொண்ட உருவகம், அரசுத் தொலைக்காட்சியே முப்பது வருஷத்துக்கு முன் பிரபலமாக்கியது. படம் முதலில், சட்டம் பிறகு. 'பொழுதுபோக்குதானே, இதிலென்ன அரசியல்' என்று கேட்கும் நண்பர்களுக்கு இதைவிடக் கையடக்கமான உதாரணம் என்னிடம் இல்லை.

கோடு என்ன சொல்கிறது? உள்ளே பாதுகாப்பு, வெளியே ஆபத்து. ஆபத்து வந்தால் தாண்டியவளின் தவறு. கம்பன் இந்த இடத்தில் வேறொன்று செய்கிறான். அவனுடைய ராவணன் சீதையைத் தொடுவதில்லை. பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போகிறான். கற்புக்கு மாசு வரக்கூடாது என்ற கவலையில் செய்த மாற்றம் என்று பாடப்புத்தகம் சொல்லும். சரி, அப்படியே வச்சுக்குவோம். ஆனால் கவிதை தன் ஆசிரியனின் கவலையைத் தாண்டி எதையாவது சொல்லிவிடும். இங்கே வீடே களவு போகிறது. வீட்டுக்குள் இருந்தது அவளைக் காப்பாற்றவில்லை. முடக்க காலத்தில் வீட்டு வன்முறைப் புகார்கள் கூடியதாகத் தேசிய மகளிர் ஆணையம் சொன்னபோது எனக்கு சாகரின் கோடு நினைவுக்கு வரவில்லை. பெயர்த்தெடுக்கப்பட்ட அந்தக் குடிசைதான் வந்தது.

3

மறுஒளிபரப்பு பற்றி அப்போது நம் பக்கம் எழுதப்பட்டவை பெரும்பாலும் ஒரே மாதிரி இருந்தன. இந்துத்துவம் மறுபடி வீட்டுக்குள் வருகிறது, மக்கள் மயங்கிக் கிடக்கிறார்கள். ஏப்ரல் 16 அன்று 7.7 கோடிப் பேர் பார்த்தார்கள், உலக சாதனை என்று தூர்தர்ஷன் அறிவித்ததும் (கணக்கு சரியா என்ற சர்ச்சை தனி) இந்தக் குரல் இன்னும் உயர்ந்தது. முதல் பாதியை நான் மறுக்கவில்லை. 1987-க்கும் 1992-க்கும் நடுவே இந்தத் தொடர் என்ன வேலை செய்தது என்பது தெரிந்ததுதான். 'மயங்கிக் கிடக்கிறார்கள்' என்பதில்தான் எனக்குச் சிக்கல்.

1988 கோடையில், பட்டாபிஷேகத்தோடு தொடர் முடியப்போகிறது என்று தெரிந்ததும் பஞ்சாபின் ஜலந்தர் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உத்தரகாண்டத்தையும் காட்ட வேண்டும் என்பது கோரிக்கை. வால்மீகியைத் தங்கள் முன்னோராகக் கொண்டு அவர் பெயரையே தங்கள் பெயராக வைத்துக்கொண்ட சமூகம் அது. நிறுத்தம் வட இந்தியாவின் வேறு நகரங்களுக்கும் பரவியது. குப்பை குவிந்தது. தொற்றுநோய்க்குப் பயந்து அரசு இறங்கிவந்தது. லவ குசர் கதை தனித் தொடராக எடுக்கப்பட்டது.

இதைப் பகுத்தறிவு மேடையில் சொன்னால் சிரிப்பார்கள்: கூலிக்குப் போராட வேண்டியவர்கள் ராமாயணத்துக்குப் போராடியிருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். இப்போது வேறு மாதிரி படிக்கிறேன். உத்தரகாண்டம் யாருடைய கதை? வீட்டிலிருந்து, அதுவும் கர்ப்பிணியாக, வெளியேற்றப்பட்டவளின் கதை. அவளுக்கு இடம் கொடுப்பவர் வால்மீகி. பிள்ளைகள் வளர்வது அங்கே. அரசனின் கதையை அரசன் முகத்துக்கு நேரே பாடுவது அங்கிருந்து வந்த பிள்ளைகள். தொடர் அரண்மனையில் முடிந்தால் இவ்வளவும் காணாமல் போகும். வீட்டுக்கு வெளியே இருப்பவர்களின் பகுதியைக் காட்டு என்று, வீடுகளின் கழிவை அகற்றுபவர்கள் கேட்டார்கள். கேட்க அவர்களிடம் இருந்த ஆயுதம் எழுத்தல்ல, விமர்சனக் கட்டுரை அல்ல, கழிவுதான். பார்வையாளர் ஒரு பிரதியின் முடிவை மாற்றி எழுதிய சம்பவம் என்று இதைவிடத் தெளிவாக எதைச் சொல்வது? 'வாசகனே ஆசிரியன்' என்று நாம் பிரெஞ்சிலிருந்து இறக்குமதி செய்து பக்கம் பக்கமாக எழுதினோம். ஜலந்தரில் அதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள்.

2020 ஏப்ரலில் 'ராமாயண்' முடிந்ததும் உத்தர ராமாயணமும் மறுஒளிபரப்பாயிற்று. அது ஒரு வேலைநிறுத்தம் பெற்றுத் தந்த தொடர் என்பதை யாரும் சொல்லவில்லை. அதைப் பெற்றுத் தந்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் அப்போது வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு அவர்களுக்கும் சேர்த்துத்தான் தட்டைத் தட்டினோம். தமிழக அரசு அந்த வருஷம் துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றியது. பெயர் மாறியது. கையுறை வந்ததா என்று அவர்களைக் கேளுங்கள்.

4

நம் சினிமாக்காரர்களும் அடைபட்ட காலத்தைப் படமாக்கினார்கள். அக்டோபர் 2020-இல் அமேசான் பிரைமில் வந்த 'புத்தம் புதுக் காலை' ஐந்து குறும்படங்களின் தொகுப்பு. சுதா கொங்கரா, கௌதம் மேனன், சுஹாசினி, ராஜீவ் மேனன், கார்த்திக் சுப்பராஜ் எடுத்தவை. முதல் நான்கிலும் முடக்கம் என்பது ஒரு கொடை. பழைய காதல் மலர்கிறது, தாத்தாவும் பேத்தியும் ஒருவரையொருவர் கண்டுகொள்கிறார்கள், நினைவிழந்த அம்மாவைச் சுற்றி மகள்கள் சேர்கிறார்கள், தோழி போதையிலிருந்து மீள்கிறாள். நடிப்பில் குறை சொல்ல மாட்டேன், எம்.எஸ். பாஸ்கர் முகத்தில் ஒரு முழுப் படம் இருந்தது. ஆனால் அந்த வீடுகளைப் பாருங்கள். ஜன்னலில் எவ்வளவு வெளிச்சம்! அறைக்கு அறை எவ்வளவு தூரம்! நோய் பத்தடிக்குப் பத்தடி அறைகளில் ஆறு பேரை அடைத்துவைத்த காலத்தில், தமிழ்ப் படம் பால்கனியில் காபி குடித்தது. ஐந்தாவது படத்தில்தான் பசி வருகிறது. பசியோடு இருப்பவர்களும் திருடர்கள்.

குடும்பம் ஒன்று கூடினால் காயம் ஆறும் என்பது இந்தப் படங்களின் அடிப்படைக் கதையாடல். கோட்டுக்கு உள்ளே நன்மை. சாகரின் கோட்டை இவர்கள் அழகான விளக்கொளியில் மறுபடி கிழித்திருக்கிறார்கள், அவ்வளவே வித்தியாசம்.

மூன்று மாதம் கழித்து, ஜனவரி 2021-இல், ஜியோ பேபியின் மலையாளப் படம் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' வந்தது. பெரிய தளங்கள் கைவிட்டபின் நீஸ்ட்ரீம் என்ற சிறிய தளத்தில் வந்து வாய்வழியாகப் பரவியது. அதில் முடக்கம் இல்லை, முகக்கவசம் இல்லை. ஆனாலும் அடைபட்ட காலத்தின் படம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். கதாநாயகிக்குப் பெயர் இல்லை. நறுக்குகிறாள், அரைக்கிறாள், பரிமாறுகிறாள், எச்சில் மேசையைத் துடைக்கிறாள், மறுநாளும் அதுவே. திரும்பத் திரும்ப வருவதால் அலுப்பு தட்டுகிறது என்று சில ஆண் விமர்சகர்கள் எழுதினார்கள். அலுப்பு தட்ட வேண்டும் என்பதற்குத்தான் படம் எடுத்திருக்கிறார். ஒன்றரை மணி நேரத்தில் உங்களுக்கு அலுத்துவிட்டது, அவளுக்கு?

கழுவுதொட்டியின் குழாய் ஒழுகுகிறது. ஆளைக் கூப்பிடச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். கணவன் பள்ளியில் குடும்பம் என்ற நிறுவனம் பற்றிப் பாடம் நடத்துகிறான். குழாய்க்காரரைக் கூப்பிட மறந்துவிடுகிறான். வாளியில் சேரும் அந்த அழுக்கு நீர்தான் கடைசியில் அவர்கள் மேல் வீசப்படுகிறது. ஜலந்தரை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். எடுக்காமல் விட்ட கழிவு, எடுக்க விதிக்கப்பட்டவரின் கையில் மொழியாக மாறுகிறது.

இதே படத்தில் இன்னொரு பெண் வருகிறாள். கதாநாயகி விலக்கு நாட்களில் ஒதுக்கிவைக்கப்படும்போது சமைக்க வரும் உஷா. நான் அந்த நாட்களிலும் வேலைக்குப் போகிறவள்தான், போகாவிட்டால் பிழைப்பு என்ன என்ற பொருளில் அவள் சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். ஒரு வாக்கியத்தில் அந்த வீட்டின் தீட்டு முழுதும் கலைந்துவிடுகிறது. ஆனால் காமிரா உஷாவோடு அவள் வீட்டுக்குப் போவதில்லை. மேல்சாதிப் பெண்ணின் விடுதலையில் படம் முடிகிறது. அவள் வெளியேறுகிறாள், அந்தச் சமையலறையில் இன்னொரு மனைவி வந்து நிற்கிறாள். உஷா என்ன ஆனாள்? 1988-இல், ஜலந்தர் நிறுத்தம் நடந்த அதே வருஷம், அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' தொகுப்பு வந்தது. சமையலறையை அதிகாரத்தின் இடமாகப் படிக்கத் தமிழ் வாசகர் அங்கேயே பழகிவிட்டோம். அந்தச் சமையலறையின் பின்வாசலுக்கு வந்து நிற்பவரைப் படிக்க நாம் இன்னும் பழகவில்லை.

5

என் பட்டியலில் மூன்றாவதாக இருந்த படம் ஜாஃபர் பனாஹியின் 'இது ஒரு படம் அல்ல' (2011). பக்கத்தில் நான் எழுதியிருந்த குறிப்பு: 'வீட்டுக் காவலில் இருந்தபடி அடுக்ககத்துக்குள்ளேயே எடுத்தது. கலைஞனை அடைக்க முடியாது.' இந்த வரிக்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

2010 டிசம்பரில் ஈரான் நீதிமன்றம் பனாஹிக்கு ஆறு வருஷச் சிறையும், இருபது வருஷம் படமெடுக்கத் தடையும் விதித்தது. மேல்முறையீட்டு முடிவுக்குக் காத்திருக்கும் ஒரு நாளை, நண்பர் மொஜ்தபா மிர்தஹ்மாஸ்ப் காமிராவிலும் தன் கைப்பேசியிலுமாக அவர் பதிவு செய்கிறார். எடுக்க அனுமதி கிடைக்காத திரைக்கதையை வாசித்துக் காட்டுகிறார். அது, கலைப் படிப்புக்குப் போகவிடாமல் பெற்றோர் வீட்டுக்குள் பூட்டிவைத்த ஒரு பெண்ணின் கதை. பனாஹி பட்டை நாடாவை எடுத்துத் தரைவிரிப்பில் ஒட்டி அவள் அறையைக் கோடு போட்டுக் காட்டுகிறார். இதுவும் கோடுதான். ஆனால் அடைபட்ட ஆண், தனக்கு முன்பே அடைபட்டவளுக்காகப் போடும் கோடு. கொஞ்ச நேரத்தில் அவருக்குத் தொண்டை அடைத்துப் பாதியில் நிறுத்திவிடுகிறார். சொல்லியே தீர்த்துவிடலாம் என்றால் படம் எதற்கு என்பது அவர் தவிப்பு. இற்செறிப்பைச் செறிக்கப்பட்டவளின் பக்கமிருந்து ஒரு ஆண் கலைஞன் அணுகும்போது கூச்சத்தோடு நிற்க வேண்டிய இடம் அது. அவர் நின்றார்.

பிறகு கதவு தட்டப்படுகிறது. குப்பை எடுக்க ஒரு இளைஞன். மாணவன், வழக்கமான ஆளுக்குப் பதில் வந்திருக்கிறான். பனாஹி காமிராவை எடுத்துக்கொண்டு அவனோடு மின்தூக்கியில் ஏறிவிடுகிறார். மாடிக்கு மாடி நின்று அவன் குப்பை எடுக்கிறான், நடுநடுவே தன் படிப்பைப் பற்றிப் பேசுகிறான். எழுபத்தைந்து நிமிடப் படத்தின் கடைசிப் பகுதி முழுதும் இதுதான். கீழே வாசல்வரை வந்தபின், வெளியே வராதீர்கள், காமிராவைப் பார்த்துவிடுவார்கள் என்று எச்சரித்துவிட்டு அவன் வெளியே போகிறான். வாசலுக்கு அப்பால் புத்தாண்டுக்கு முந்தைய புதன் நெருப்பு எரிகிறது. பென் டிரைவில் ஏறி, நாட்டைத் தாண்டி, அந்தப் படம் கான் விழாவுக்குப் போனது.

2020-இல் இதைப் பார்த்தபோது அந்தக் கடைசிப் பகுதி எனக்குக் கொஞ்சம் நீளமாகப் பட்டது. உண்மையைச் சொல்கிறேன். பனாஹியின் துயரம் வேண்டியிருந்தது, பையனின் பேச்சு வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு எங்கள் தெருவில் விசில் சத்தம். தள்ளுவண்டியோடு அக்கா. முகத்தில் கட்டியிருந்தது புடவைத் தலைப்பு. அந்த வாரங்களில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த ஒரே ஆள் அவர்தான். 'அங்கயே வச்சுட்டு உள்ள போங்க சார்' என்றார். வாளியை வைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தி, கையைக் கழுவினேன். அவர் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. முந்தைய ராத்திரிதான் உலக சினிமா பார்த்திருந்தேன்.

6

வீட்டிலிருந்து பார்ப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலம் அள்ளுபவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போய், அவர்கள் பேசுவதைக் கேட்ட படம். 2017-இல் அதைத் திரையிட விடாமல் பல இடங்களில் காவல்துறை தடுத்தது. யூடியூபில் ஏற்றினார்கள், வீடு வீடாகப் போயிற்று. இயக்குநர் மீது வழக்குகள் வந்தன. அரங்கம் மூடப்பட்ட படத்துக்கு வீடுதான் அரங்கமாயிற்று. ஆகவே திரையின் அளவோ, நாற்காலியின் இடமோ பிரச்சினை இல்லை. என் பட்டியலில் 'கக்கூஸ்' இல்லை. மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அடைபட்டிருக்கும் நண்பர்களின் மனம் கெடுமே என்று விட்டுவிட்டேன்.

இதை 2020-இன் பழைய கணக்கு என்று முடித்துவிட முடியாது. ஆகஸ்ட் 2025-இல், இரண்டு மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்துச் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் பதிமூன்று நாள் உட்கார்ந்தார்கள். பாதிக்கு மேல் பெண்களாகத் தெரிந்தார்கள். நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்திப் பேருந்துகளில் ஏற்றியது. நம்மில் பலர் அதையும் வீட்டிலிருந்து கைப்பேசியில்தான் பார்த்தோம். தட்டு தட்டிய சத்தம் எதுவும் அன்று கேட்கவில்லை.

ஒரு படத்தை இனி எப்படி மதிப்பிடுவது என்று கேட்டால், எனக்கு இப்போது இருக்கும் அளவுகோல் ரொம்ப எளிது. வாசலில் ஆள் வந்து நிற்கும்போது காமிரா என்ன செய்கிறது? கதவைச் சாத்துகிறதா, உஷாவிடம் நின்றதுபோல ஒரு வாக்கியம் கேட்டு அனுப்பிவிடுகிறதா, பனாஹிபோல மின்தூக்கியில் கூடவே ஏறுகிறதா, 'கக்கூஸ்' போல அவர் வேலை செய்யும் இடத்திலிருந்தே தொடங்குகிறதா? வடிவம், அழகியல் எல்லாம் இந்தக் கேள்விக்கு அப்புறம்தான் என்று நான் சொல்லவில்லை. இதுதான் வடிவம். காமிரா எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைவிட அழகியல் என்று வேறென்ன இருக்கிறது?

தோழிக்குப் போன மாதம் திருத்திய பட்டியலை அனுப்பினேன். ஆறு படங்கள்தான். பனாஹிக்கான குறிப்பை மாற்றியிருக்கிறேன்: 'கடைசிப் பகுதியை விட்டுவிடாதே, குப்பை எடுக்கும் பையன் பேசுவதைக் கேள்.' அவள் இன்னும் பார்க்கவில்லை. பாத்திரம் இருக்கிறது.